பேட்டின் முதுகில் எழுதிய பெயர்கள்

என் எதிர்முனையில் நின்ற பூங்கொடி அக்காவுக்கு,

நல்லா இருக்கிறாயா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. ஃபோனில் உன்னிடம் எப்போதும் அப்படித்தானே தொடங்குவேன்? நீ போன மழைக்காலம் முடிந்து அடுத்ததும் வந்துவிட்டது. இன்றும் ஸ்கோர்போர்டில் தொடக்க ஜோடியைப் பார்க்கும்போது உன் பெயரைத்தான் முதலில் தேடுகிறேன்.

கூட இருந்து படிக்கிறவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீயும் நானும் மாநிலப் பெண்கள் அணியின் தொடக்க ஆட்டக்காரர்கள். நீ அவிநாசிப் பக்கம் தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண். நான் கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர் மகள். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, ஆள் உயரக் கிட் பேக்கோடு டவுன் பஸ்ஸில் ஏறுவோம். கண்டக்டர் பையை முறைத்துக்கொண்டு லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொல்வார். நீ டிக்கெட்டும் எடுத்து, இறங்குவதற்குள் அவருக்கு எல்.பி.டபிள்யூ என்றால் என்ன என்றும் சொல்லிக் கொடுத்துவிடுவாய். போன மாதம் அவரைப் பார்த்தேன். உன்னைக் கேட்டார். சொன்னேன். அன்று அவர் என் பைக்கு டிக்கெட் கிழிக்கவில்லை.

நாம் சேர்ந்து ஆடிய முதல் ஆட்டம் நினைவிருக்கிறதா? நான் பாயின்ட் பக்கம் பந்தைத் தட்டிவிட்டு நின்றேன், நீ ஓட ஆரம்பித்துவிட்டாய். வேண்டாம் என்று கத்தியிருந்தால் போதும். ஆனால் ஊர்ப் பழக்கம் விடுமா? “வேண்டாமுங்க அக்கா” என்று நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் நீ பாதி பிட்ச் தாண்டி வந்திருந்தாய். திரும்பி ஓடியும் பயனில்லை, ரன் அவுட். மற்ற மாவட்டப் பெண்கள் டிரஸ்ஸிங் ரூமில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ கால் பேடைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாய்.

“இனிமே எனக்கு ‘ங்க’ வேண்டாம் கண்ணு. வா, போ, நில்லு, அவ்வளவுதான். மரியாதையெல்லாம் ஊட்டுக்கு வந்து குடு.”

அன்றிலிருந்து நீ எனக்கு ‘நீ’ ஆனாய். மூத்தவளை இப்படியா கூப்பிடுவது என்று என் அம்மாவுக்கு இன்றுவரை குறைதான். இப்போது என்னோடு தொடக்கத்தில் இறங்குகிற பெண் சென்னைக்காரி. ஒற்றை வார்த்தையில் கத்துகிறாள், நன்றாக ஓடுகிறாள். ரன் அவுட்டே ஆவதில்லை. எனக்குத்தான் சில நேரம் அது பிடிக்கவில்லை.

நம் ஆட்டத்துக்கு வருகிற கூட்டத்தை ஒரு மினி பஸ்ஸில் ஏற்றிவிடலாம். வருகிறவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஆட்டம் முடிந்ததும் வேலி ஓரம் நோட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். எனக்குக் கால் வலி, பசி, அடுத்த ஊர் பஸ்ஸைப் பிடிக்கிற கவலை. நீ மட்டும் நெட்ஸ் பயிற்சிக்கு வைத்திருந்த உன் பழைய பேட்டைத் தூக்கிக்கொண்டு நேராக வேலிக்குப் போவாய். என் கையெழுத்து உங்களுக்கு என்னத்துக்கு, உங்களுடையதைப் போடுங்கள் என்று பேட்டைத் திருப்பி அதன் முதுகைக் காட்டி மார்க்கரை நீட்டுவாய். பெயரோடு பேட்டிங்கா, பௌலிங்கா, கீப்பிங்கா என்றும் எழுத வேண்டும். மறக்காமல் ஒரு நிபந்தனையும் போடுவாய்.

“டீம்ல சேர்ந்து வந்து இந்தப் பேரை நீயே எனக்குக் காட்டோணும். அதுவரைக்கும் இது உங்க பேட்டு. நான் சும்மா தூக்கிட்டுத் திரியறேன்.”

நான் உன்னைக் கேலி செய்திருக்கிறேன். என் பேட்டை நான் யாரையும் தொட விட்டதில்லை, உனக்குத் தெரியும். எண்ணெய் தடவி, துணி உறை போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். நீ பெயர் எழுத வந்த பிள்ளைகளிடமெல்லாம் என்னைக் காட்டி, அந்த அக்கா பேட்டை மட்டும் தொட்டுவிடாதீர்கள், கடித்துவிடுவாள் என்று சொல்லி வைத்திருந்தாய். அவர்களும் என்னைக் கண்டால் ஓரடி பின்னே நகர்வார்கள்.

அப்புறம் உனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல்தானே என்று நானும் இருந்துவிட்டேன். “நீ நெட்ஸுக்குப் போ கண்ணு, நான் வாரேன்” என்றாய் ஃபோனில். அதை நம்பி நான் உனக்குப் பக்கத்து நெட்டில் இடம்கூடப் பிடித்து வைத்திருந்தேன்.

தோட்டத்து வீட்டு வாசலில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். அணி முழுக்க வந்திருந்தது. உன் அப்பா உன் கிட் பேக்கைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, எது அவளுக்கு ரொம்பப் பிரியம் என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. பழைய பேட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை உன் வலது கைப் பக்கமாக வைத்தார். எல்லோரும் அழுதோம், அது சரியான காரியம் என்றுதான் எல்லோருக்கும் பட்டது. சுடுகாட்டுக்குப் பெண்கள் வரக் கூடாது என்றார்கள். உன்னையும் பேட்டையும் ஆண்கள் கொண்டுபோனார்கள். நாங்கள் வாசலிலேயே நின்றுவிட்டோம்.

அதற்குப் பிறகு நான் வேலிப் பக்கம் போகவே இல்லை அக்கா. ஆட்டம் முடிந்தால் பின் கேட் வழியாக வேனில் ஏறி உட்கார்ந்துவிடுவேன். பிள்ளைகள் கூப்பிடுவது கேட்கும். காலில் ஐஸ் கட்டியிருக்கிறது, நடக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பிழைப்புக்குக் கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கு வலி ஒரு நல்ல சாக்கு. யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

இந்த சீசனில் கோவையில் நமக்கு ஆட்டம் வந்தது. பின் கேட்டைப் பூட்டியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் வேலி ஓரமாக நடந்தேன். தொளதொளவென்ற நீல டி-ஷர்ட்டில் ஒரு பெண் அம்மாவோடு நின்றிருந்தாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும்.

“அக்கா, நான் தாரணிங்க. அன்னூர். பூங்கொடி அக்கா பேட்டுல பேரு எழுதியிருக்கறனுங்க.”

எனக்கு அவளை நினைவு வந்தது. உனக்கும் வரும். பேட்டின் தோளிலிருந்து அடி வரைக்கும் சினிமாப் போஸ்டர் மாதிரி பெரிதாகத் தன் பெயரை எழுதி, கீழே ‘வேகப்பந்து’ என்று போட்டுவிட்டு, அடுத்து நின்றவர்களிடம் திட்டு வாங்கினாளே, அவள்தான். இவளுக்கு விஷயம் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்தேன். உன் சாவு செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஒரு மூலையில்தான் வந்தது. எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடி, கண்ணு, அக்கா வந்து, என்று இழுத்தேன்.

“தெரியுமுங்க. அம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க. நான் பேட்டைப் பாக்க வந்தனுங்க. மாவட்ட டீம்ல என்னை எடுத்துட்டாங்க.”

அந்த டி-ஷர்ட் மாவட்ட அணியுடையது என்று அப்போதுதான் கவனித்தேன். உன் நிபந்தனையை நிறைவேற்றிவிட்டு வந்து நிற்கிறாள்.  

பேட் அவிநாசியில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டிருக்கலாம். சந்தோஷமாகப் போயிருப்பாள். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? பிள்ளைகளிடம் நீ பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. அந்த பேட் இப்போது இல்லை, அக்காவோடு சேர்த்து எரித்துவிட்டோம் என்று சொன்னேன். அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அது அக்காளுது இல்லீங்களே. எங்களுதுங்க.”

அவள் அம்மா பதறிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தார், தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? நீ சொன்னதைத்தான் அவள் சொன்னாள். நாங்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம், அவள் மட்டும் அதை நம்பியிருக்கிறாள். தொப்பியை முகம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் உன் அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. முதுகுப் பக்கம் பெயர்கள் இருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. திருப்பிப் பார்க்கவே இல்லையே என்றார். பின்னால் தோட்டத்து மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

“புள்ளையை வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னு நெனச்சனுங்க அம்மணி,” என்றார்.

அவரிடம் ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. உனக்காக இன்னும் அழுது தீராத மனிதர் அவர். ஆனால் ஃபோனை வைக்கும் முன் அவரே, அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று சொன்னார்.

கோவையில் இன்னும் ஓர் ஆட்டம் மிச்சமிருந்தது. மாவட்டப் பயிற்சியாளரிடம் சொல்லி, தாரணியை வரச் சொன்னேன். அன்று நான் ஒன்றும் பெரிதாக அடிக்கவில்லை. சீக்கிரமே அவுட்டாகி, மீதி நேரமெல்லாம் வேலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிகிற நேரத்துக்கு வந்தாள். கூடவே அவள் அணி முழுவதும் வந்திருந்தது.

பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவரும் அதே பேட்டை உறை கழற்றி எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன். அக்காவின் பேட்டை என்னால் திருப்பித் தர முடியாது, இதில் எழுதுகிறாயா என்று கேட்டேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“உங்க பேட்டை யாரும் தொடக் கூடாதுன்னு பூங்கொடி அக்கா சொன்னாங்களே.”

செத்தும் என்னை விடவில்லை நீ. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவள் சங்கடப்பட்டு வேறு பக்கம் பார்த்தாள். பேட்டை நானே அவள் கையில் வைத்து, மார்க்கரைக் கொடுத்தேன்.

அவள் வேலிக் கம்பியில் பேட்டைச் சாய்த்து, கீழே ஒரு மூலையில், பொடி எழுத்தில் எழுதினாள். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். முன்பு அவ்வளவு பெரிதாக எழுதினாயே, இப்போது என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“அதுல நெறையாப் பேரு இருந்தாங்கல்லங்க. அவங்களும் வருவாங்க. எடம் வேணுமுங்க.”

அவள் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக எழுதினார்கள். ஒருத்தி மட்டும் கீப்பிங்கா, பேட்டிங்கா என்று முடிவாகவில்லை, அப்புறம் வந்து எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

எழுத்து போட்ட பேட்டோடு ஆட்டத்துக்கு இறங்குவது சரிவராது. அதனால் என் ராசியான பேட் இப்போது நெட்ஸ் பேட் ஆகிவிட்டது. ஆட்டத்துக்குப் புதியது வாங்கியிருக்கிறேன், இன்னும் கைக்குப் பழகவில்லை. பழகிவிடும். எந்த ஊருக்குப் போனாலும் பழையதையும் தூக்கிக்கொண்டு வேலிக்குப் போகிறேன். காலில் ஐஸ் கட்டியிருந்தால் நொண்டிக்கொண்டு போகிறேன். முன்பு உன்னிடம் எழுதியவர்கள் அங்கங்கே இரண்டொருவர் வருகிறார்கள். அவர்களிடம் முதலில் உண்மையைச் சொல்கிறேன், பிறகு மார்க்கரைக் கொடுக்கிறேன்.

வீட்டிலும் ஒன்று சொல்லி வைத்துவிட்டேன் அக்கா. நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு இது என்று அம்மா திட்டினார். அப்பா மட்டும் பட்டறைக் கையைத் துடைத்துவிட்டு வந்து, பேட்டைத் திருப்பி ஒவ்வொரு பெயராகப் படித்துப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார்.

என்றைக்காவது நானும் அங்கே வருவேன். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், அன்று வெறுங்கையோடுதான் வருவேன். இந்த பேட் இங்கேயே இருக்கும். இதற்குச் சொந்தக்காரர்கள் வந்து கேட்பார்கள்.

உன் எதிர்முனைத் தங்கச்சி,
சங்கீதா
கணபதி, கோவை