மைதான மணியும் எங்கள் வண்டிக் குதிரையும்

அனுப்புநர்:
சலவைக்கூட உரிமையாளர்,
குளக்கரைத் தெரு.

பெறுநர்:
உரிமம் வழங்கும் அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: எங்கள் தெருவுக்குப் பின்னால் குதிரைப் பந்தய மைதானம் – உரிமம் மறுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற செவ்வாய்க்கிழமை காலை நடந்த வெள்ளோட்டத்தைத் தாங்கள் முன்வரிசையில் அமர்ந்து பார்த்தீர்கள். ஏழு பந்தயக் குதிரைகளுக்குப் பின்னால் துணிமூட்டைகளோடு ஒரு வண்டி ஓடியதே, அது எங்களுடையது. மூட்டைமேல் உட்கார்ந்து கத்தியவர் என் மாமியார். அதற்கும் பின்னால் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தவள் நான்.

2. எங்கள் குதிரைக்கு வீட்டில் மாப்பிள்ளை என்று பெயர். சாப்பாடு நேரத்துக்கு வராவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பந்தயத்தில் ஓடி ஓய்ந்து எங்களிடம் வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. மருத்துவமனைப் போர்வை, விடுதித் திரைச்சீலை, எது எந்த வாசலில் இறங்க வேண்டும் என்பது என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். லாரி ஹாரனுக்குக்கூடக் காதை ஆட்டமாட்டான். மாமியார் வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டதால் வண்டியை மைதான வாசலில் நிறுத்தினேன். அது என் தவறு. ஓட்டத்தைத் தொடங்க மணி அடித்ததும் வண்டியோடு பாய்ந்துவிட்டான்; பந்தய மணியை அவன் மறக்கவில்லை.

3. கடைசிக் குதிரையை அவன் முந்தியபோது கூட்டமே எழுந்து ஆரவாரித்தது. தாங்களும் எழுந்தீர்கள். விசில் அடித்ததும் தாங்களே என்று தங்கள் அலுவலகத் தட்டச்சர் சொல்கிறார், நான் நம்பவில்லை. மூட்டைகள் அவிழ்ந்து போர்வைகள் தடம் முழுக்கப் பறந்தன. எல்லைக் கம்பத்தில் மாட்டிக்கொண்ட கோடு போட்ட பேன்ட்டுக்கு உரியவர் இன்னும் வந்து கேட்கவில்லை. மறைப்பானேன், நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

4. மாமியார் இம்மனுவில் கையொப்பமிட மறுத்துவிட்டார். "எறக்கி விடுங்கன்னா கத்துனேன்? இன்னும் வேகமா போடான்னுல்ல கத்துனேன்!" என்று தெருவெல்லாம் சொல்லி வருகிறார். மைதானம் வந்தால் தெருவில் பத்துப் பேருக்கு வேலை கிடைக்கும், ஜாக்கிகளின் துணியும் நமக்கே வரும் என்கிறார். அதில் பொய்யில்லை.

5. ஆனால் ஓடி முடித்தவன் மறுநாள் வரை எழுந்திருக்கவில்லை. கால்நடை மருத்துவர் வெகுநேரம் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஓடுனா தாங்கமாட்டான்மா" என்றார். கட்டிப் போடலாமே என்று தாங்கள் கேட்கலாம். வியாழக்கிழமை மைதானத்தார் மணியைச் சோதித்தபோது கட்டித்தான் போட்டிருந்தோம். கயிற்றை அறுத்து லாயக் கதவைப் பெயர்த்துவிட்டான். நாங்கள் மூன்று பேர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியதால் நின்றான்.

6. ஆகவே உரிமத்தை மறுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். கொடுத்தே தீர வேண்டுமென்றால், மணி அடிக்காமல் கொடியசைத்து ஓட்டத்தைத் தொடங்க வேண்டும் என்றாவது நிபந்தனை விதியுங்கள். அன்று அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இந்த எட்டு ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை. கூப்பிட்டால் போய்விடுவான், ஐயா. தயவுசெய்து அவனைக் கூப்பிடாதீர்கள்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
சலவைக்கூட உரிமையாளர்

இடம்: குளக்கரைத் தெரு
நாள்: வெள்ளிக்கிழமை

இணைப்பு: கால்நடை மருத்துவரின் சான்று.