பயணம் எண்டு சொன்னது

தில்லையடி,
2024 செப்டெம்பர் 4

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கட உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது எண்டு துஆச் செய்துகொண்டு சுல்பா எழுதுறது. இஞ்ச வாப்பா, உம்மா, றிஷ்னா ராத்தா, ராத்தாட வானரப் பிள்ளையள் எல்லாரும் சுகம். வெயில் தான் ஆளைப் பொரிச்சு எடுக்குது. பின்னேரம் வேலை முடிஞ்சு பாலாவியில பஸ்ஸுக்கு நிண்டா, லொறி கிளப்புற தூசு முழுக்க என்ட அபாயாவில தான்.

நமக்குக் கலியாணம் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகல்ல, போன் இருக்க இவ ஏன் கடிதம் எழுதுறா எண்டு நினைப்பீங்க. நேத்து நீங்க வீடியோவில வந்த நேரம் என்ட பக்கத்தில எத்தனை தலை நிண்டது எண்டு பாத்தீங்க தானே. வாப்பா தோஹாச் சூட்டைப் பத்திக் கேட்டார், உம்மா சாப்பாட்டைக் கேட்டா, ராத்தா போன் விலை கேட்டா. என்ட கைக்குப் போன் வரக்குள்ள உங்களுக்கு வேலைக்குப் போற நேரம். கடிதத்தை மட்டும் இந்த வீட்டில ஒருத்தரும் உடைக்க மாட்டாங்க.

விசயத்துக்கு வாறேன். டிசம்பர் லீவுக்கு நுவரெலியா போவம், அங்க நல்ல குளிர் தானே எண்டு சொன்னீங்க. மச்சான், நுவரெலியா எண்டா ராத்தா வேன் பிடிச்சுருவா. பிள்ளையள், சோத்துச் சட்டி, பாய் தலகாணி எல்லாத்தோடயும் பின்னால வந்துருவாங்க. பாஸ்போட் கேக்கிற ஊருக்குப் போனாத் தான் நாம தப்பலாம்.

நீங்க இஞ்ச இருந்த நாளெல்லாம் விருந்திலயே போச்சு. நீங்க ஆம்பிளையளோட முன்னுக்கு, நான் பொம்பிளையளோட பின்னுக்கு. உங்களுக்குத் தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி எண்டு ஆராவது கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. இனி நாம இருக்கப் போறதும் இந்த வீட்டில தான். அதால எனக்கு ஒரு கிழமை வேணும். மலேசியாவில கெமரன் மலை எண்டு ஒரு இடம் இருக்கு, போனில பாத்தேன், பகல்லயும் போர்த்திக்கொண்டு இருக்கலாமாம். அங்க நீங்களும் நானும் மட்டும். என்ட மாப்பிள்ளை என்ன மாதிரி மனிசன் எண்டு நான் பாத்துக்கொள்ள வேணும். வெக்கத்தை விட்டு எழுதிட்டேன்.

டிசம்பரில பள்ளிக்கூட லீவு, நத்தார், புது வருசம் எல்லாம் ஒண்டா வருது. இப்பவே பிடிக்காட்டி அறை கிடைக்காது. சுணங்காம எழுதுங்க.

உங்கட,
சுல்பா

தோஹா,
2024 செப்டெம்பர் 20

என்ட அன்புச் சுல்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அல்ஹம்துலில்லாஹ், நான் நல்ல சுகம். உங்கட கடிதத்தைச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு வாசிச்சேன். அறையில மத்தவங்க, அஃப்ராஸுக்கு வீட்டில இருந்து சீட்டு வந்திருக்கு எண்டு ஒரே பகிடி. சிரிச்சா சிரிக்கட்டும்.

சீனி மூணு கரண்டி. என்ட உம்மாக்கிட்ட மட்டும் ரெண்டு எண்டு சொல்லி வெச்சிருக்கிறேன்.

மலேசியா தான், ஓம். முதலாளிக்கிட்ட டிசம்பர் கடைசியில லீவு சொல்லியாச்சு. நீங்க சொன்ன மாதிரி அறையெல்லாம் நிரம்பிக்கொண்டு வருது. எங்கட ஸ்டோர்ல வேலை செய்யிற மலேசியாக்காரர் ஒருத்தர் அவர்ட ஆக்கள் மூலமா மலைப் பக்கமா ஒரு அறை பிடிச்சுத் தந்தார். ஜன்னலைத் திறந்தா தேயிலைத் தோட்டமாம்.

இன்னொரு சந்தோசமான கதை. உம்மாக்கிட்டயும் வீடியோவில சொல்லிட்டேன். உம்மாவிட முகத்துக்கு முன்னால ஹனிமூன் எண்டு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல்ல. அதால, "டிசம்பர்ல ஒரு பயணம் போக நிய்யத் வெச்சிருக்கிறேன் உம்மா, சுல்பாவையும் கூட்டிக்கொண்டு" எண்டு மரியாதையாச் சொன்னேன். உம்மா அழுதுட்டா சுல்பா. இந்த நாளை அல்லாஹ் எனக்குக் காட்டிட்டானே எண்டு விக்கி விக்கி அழுதா. மருமகள் வெளிநாடு போறதுக்கு இப்படிச் சந்தோசப்படுற மாமி எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லுங்க.

என்றும் உங்கட,
அஃப்ராஸ்

தில்லையடி,
2024 ஒக்டோபர் 6

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என்ன வேலை செஞ்சு வெச்சிருக்கீங்க நீங்க?

நம்மட ஊரில பயணம் எண்டா என்ன எண்டு தோஹாவுக்குப் போனதும் மறந்துட்டுதா? கொழும்புக்குப் போனா அது போறது. வேலைக்குப் போனா வெளிநாடு. பயணம் எண்டா மக்கா. அதுக்கு மேல, வணக்கத்துக்கு வைக்கிற நிய்யத் எண்டு வேற சொல்லி, சுல்பாவையும் எண்டு ஒரு "உம்" வேற போட்டிருக்கீங்க. மாமி என்ன விளங்குவா? தன்னைத் தான் முதல்ல கூட்டிக்கொண்டு போறீங்க, என்னையும் சேத்துக்கொள்றீங்க எண்டு விளங்கிட்டா. மாமா மௌத்தானதுக்குப் பிறகு அவவைக் கூட்டிக்கொண்டு போக உரிமையுள்ள ஆம்பிளை நீங்க ஒரு ஆள் தானே. எவ்வளவு காலமாக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறா.

போன கிழமை மாமி நுரைச்சோலையில இருந்து பஸ் ஏறி இஞ்ச வந்தா. வெள்ளை உடுப்புத் தைச்சாச்சு. வீடு வீடாப் பயணம் சொல்லத் தொடங்கியாச்சு. ஒவ்வொருத்தர்ட கையையும் பிடிச்சு, தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதுக்கு மாப்புத் தாங்க எண்டு கேட்டுக்கொண்டு போறா. உங்கட கைருன்னிஸா சாச்சியோட மாமி கோவம் தானே, சாச்சிட மகள்ட கலியாணத்துக்குச் சொல்லல்ல எண்டு. அந்த வீட்டுப் படியையும் மிதிச்சிட்டா. ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழுத அழுகைக்குத் தெருவே கூடிச்சாம்.

இஞ்ச எங்கட வீட்டிலயும் ஆக்கள். ஒருத்தி மகன்ட சோதனைக்குத் துஆக் கேக்கச் சொல்றா, இன்னொருத்தி ஸம்ஸம் தண்ணிக்குப் போத்தலைத் தந்துட்டுப் போறா. பொம்பிளையளை மக்காவுக்கு உம்றாச் செய்யக் கூட்டிக்கொண்டு போற ஸுலைஹா பாஸ்போட் கொப்பி கேட்டு வந்துட்டா. நான் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி எல்லாருக்கும் தலையை ஆட்டிக்கொண்டு நிண்டேன்.

மாமியைப் பாத்தா பாவம். ஆனா என்ட கிழமைக்கு என்ன வழி? எனக்குக் கோவம் கோவமா வருது. பிழை விட்டது நீங்க. நீங்களே போன் எடுத்து உம்மாக்கிட்டச் சொல்லுங்க.

சுல்பா

தோஹா,
2024 ஒக்டோபர் 21

அன்பின் சுல்பா,

ஸலாம். கோவப்படாதீங்க. சொல்லத் தான் போன் எடுத்தேன். உம்மாவோட பக்கத்தில கைருன்னிஸா சாச்சி இருந்து, மகன் எண்டு கூப்பிட்டு ஸலாம் சொல்றா. சாச்சிட குரலைக் கேட்டு எவ்வளவு காலம். அந்த நேரத்தில எப்படிச் சொல்ற? மழை பெய்யுதா எண்டு கேட்டுட்டு வெச்சிட்டேன்.

யோசிச்சுப் பாத்தேன். டிசம்பரில மூணு பேருமா உம்றாவுக்கே போனா என்ன? அதையே நம்மட ஹனிமூன் எண்டு வெச்சுக்கொள்ளுவம். அல்லாஹ்ட வீட்டை விட நல்ல இடம் ஏது? மலேசியா எங்க ஓடப் போகுது?

உங்களுக்கு விருப்பமில்லாட்டி, நீங்களே ஒரு நடை போய் உம்மாக்கிட்டப் பக்குவமாச் சொல்லிருங்க. பொம்பிளையளுக்குள்ள கதைச்சா விளங்கிக்கொள்ளுவா. நீங்க எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

உங்கட,
அஃப்ராஸ்

தில்லையடி,
2024 நவம்பர் 3

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நல்ல கெட்டிக்காரன் நீங்க. அல்லாஹ்ட வீட்டைக் கொண்டுவந்து முன்னால வெச்சிட்டு விருப்பமா எண்டு கேட்டா, நான் எந்த வாயால மாட்டேன் எண்டு சொல்ற?

அங்க போய் அழுது துஆக் கேக்க எனக்கும் ஆசை தான். ஆனா அது வேற, இது வேற. ஸுலைஹாட குழுவில பொம்பிளையளுக்கு ஒரு அறை, ஆம்பிளையளுக்கு இன்னொரு அறை. திரும்பவும் நீங்க முன்னுக்கு, நான் பின்னுக்கு.

அதால நானே நுரைச்சோலைக்குப் போனேன். மாமி முத்தத்தில சின்ன வெங்காயம் பரப்பிக்கொண்டு இருந்தா. நானும் குந்தி வெங்காயத்தை ஆஞ்சுகொண்டே எல்லாத்தையும் சொன்னேன். ஹனிமூன் எண்ட சொல்லையும் சொன்னேன், ஒளிக்கல்ல. மாமிட கை நிண்டுட்டுது.

"அப்ப நான் வீடு வீடாப் போய் மாப்புக் கேட்டது?" எண்டு கேட்டா.

மாமி எழும்பி உள்ளுக்குப் போயிட்டா. நான் அந்த வெயிலுக்குள்ளயே இருந்தேன். உங்களை மனசுக்குள்ள ஏசின ஏச்சு எழுதினா கடதாசி பத்தாது. கன நேரத்துக்குப் பிறகு தேத்தண்ணியோட வந்து, மலேசியாவில பள்ளிவாசல் இருக்கா எண்டு கேட்டா. இருக்கு மாமி, நிறைய இருக்கு எண்டு சொன்னேன். நல்லம், போங்க எண்டு சொல்லிட்டுப் புடவைத் தலைப்பால கண்ணைத் துடைச்சா.

அதைப் பாத்துட்டு எனக்குச் சும்மா வீட்டுக்கு வர ஏலாமப் போச்சு. ஸுலைஹாக்கிட்டப் போனேன். பள்ளிக்கூட லீவுக் கூட்டத்துக்கு முந்தி, இந்த மாசக் கடைசியில ஒரு குழு போகுதாம். மாமி அவங்களோட பிளேன் ஏறட்டும். நீங்க தோஹாவில இருந்து ஜித்தாவுக்கு வந்து உம்மாவோட சேர்ந்து உம்றாச் செய்யுங்க. டிசம்பர் லீவில பாதியை முதலாளிக்கிட்ட முன்னுக்குக் கேட்டு எடுங்க. மலேசியாவுக்கு மிச்ச நாள் போதும்.

ஒரு கிழமையையே பெரிசா நினைச்சுக்கொண்டு இருந்தவ நான். அதில பாதியை என்ட கையாலயே வெட்டிக் குடுத்திருக்கிறேன். குடுக்கக்குள்ள வயிறு எரிஞ்சுது மச்சான். சிரிச்ச முகத்தோட குடுத்தேன் எண்டு பொய் எழுத மாட்டேன். இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க எண்டு எனக்கு எழுதுங்க.

சுல்பா

தில்லையடி,
2024 நவம்பர் 25

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன கடிதத்துக்கு உங்கட பதிலைக் காணல்ல. டிக்கட், விசா, ஜித்தாவில எந்த வாசல்ல நிக்கிற எண்டதெல்லாம் வாப்பாவோட போன்ல கதைச்சு முடிச்சிட்டீங்களாம். மலேசியா அறையையும் நாள் குறைச்சு மாத்தியாச்சாம். வாப்பா தான் சொன்னார்.

இண்டைக்கு மாமி எங்கட வீட்டுக்குப் பயணம் சொல்ல வந்தா. எல்லா வீட்டையும் முடிச்சிட்டு எங்கட வீட்டைக் கடைசிக்கு வெச்சிருக்கிறா. மாமி முதல்ல வாப்பா உம்மாக்கிட்ட மாப்புக் கேட்டா, ராத்தாக்கிட்டக் கேட்டா. பிறகு நான் குசினிக்குள்ள நிண்ட இடத்துக்கு வந்து என்ட ரெண்டு கையையும் பிடிச்சா.

"மகள், உங்கட நாள்ல நான் கை வெச்சிட்டேன். மாப்புத் தாங்க."

இந்த நேரத்தில உடனே மாப்பு எண்டு சொல்லிர வேணும், அது தான் நம்மட வழக்கம். எனக்கு நாக்குப் புரளல்ல. உம்மா பின்னால நிண்டு என்ட முதுகைக் கிள்ளுறா, ராத்தா கண்ணைக் காட்டுறா. மாமி கையை விடவே இல்ல. "அவசரமில்ல மகள், யோசிச்சுச் சொல்லுங்க, வேன் நாளைக்குத் தானே" எண்டு சொன்னா. எனக்குச் சிரிப்பும் வந்துட்டுது, அழுகையும் வந்துட்டுது. மாமிட தோளில சாஞ்சு அழுதேன். பிறகு மாப்பு எண்டு சொன்னேன், மனசாரத் தான் சொன்னேன். மாமி ஆசைப்பட்டது கிடைக்குது, அதுக்காக மாப்புக் கேக்கவும் அவவுக்குத் தெரியுது.

இந்தக் கடிதத்தை மாமிட பைக்குள்ள வெச்சு அனுப்புறேன். ஜித்தாவில நீங்க இஹ்றாம் வெள்ளையை உடுத்துக்கொண்டு நிக்கக்குள்ள உங்கட கைக்குக் கிடைக்கும். ஸ்டோரில கூட வேலை செய்யிற ஆக்கள், முதலாளி, அறையில இருக்கிற ஆக்கள் எல்லாரிட்டயும் பயணம் சொல்லி மாப்புக் கேட்டுட்டீங்களாம். அதையும் வாப்பா தான் சொன்னார், மருமகனைப் பத்தி நல்ல பெருமையாச் சொன்னார்.

உம்மாவை நல்லாப் பாத்துக்கொள்ளுங்க. சனத்துக்குள்ள கையை விட்டுராதீங்க. எனக்கும் துஆக் கேளுங்க.

சொல்ல வேண்டிய ஒரு சொல்லுக்குப் பயந்து, அதைச் சொல்ல என்னை வெயிலுக்குள்ள நுரைச்சோலைக்கு அனுப்பினது மாமி இல்ல. மாமி மாப்புக் கேட்டா, நான் குடுத்துட்டேன். நீங்க இன்னும் கேக்கல்ல.

சுல்பா