எல்லா வீட்டிலும் புதுக் கொடிக்கயிறு

என் தங்கத்துக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அடுத்த வரியில் இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அந்தப் பொய்யை எழுத மனசு வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாம், நீ அழுதால் நான் பாதியில் வைத்துவிடுவேன், அதனால் ஒரே மூச்சில் எழுதுகிறேன். தம்பி அங்கே வர அடுத்த மாதத்துக்கு விமான டிக்கெட் போட்டிருக்கிறாயே, அதை ரத்து செய்துவிடு. மாப்பிள்ளை தன் கம்பெனியில் அவனுக்காக வேலை சொல்லி வைத்திருக்கிறார் என்று தெரியும், இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றும் இருக்கிறது, இருந்தாலும் ரத்து செய்துவிடு. ஏன் என்று முழுதாகப் படித்த பிறகு என்னைத் திட்டு.

நம் தெருவில் ஒரு திருடன் செத்துப்போனான், அப்பா உன்னிடம் ஏதோ கலாட்டா என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டார். நடந்தது இதுதான். கொஞ்ச நாளாகவே வீட்டுக்கு வீடு பித்தளைக் குழாய் காணாமல் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குக் காலையில் நம் தெருச் சங்கத் தலைவர் வீட்டு வாசலில் ஒருவன் குழாயைக் கழற்றும்போது கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக்குச் சலவைத் துணி கொடுக்கப் போயிருந்தேன், திரும்பி வந்து கொல்லையைப் பார்த்தால் நர்சுகளின் வெள்ளை உடுப்பு அத்தனையும் மண்ணில் கிடக்கிறது, கொடிக்கயிற்றைக் காணோம். எவன்டா இந்த வேலை பண்ணினது, அவன் விளங்குவானா என்று கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடினேன். விளங்காமல் போகச் சொன்னது நான் பெற்ற பிள்ளையைத்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெருமுனைக் கம்பத்தில் அந்த ஆள் தொங்கிக் கிடந்தான். மார்பைச் சுற்றிக் கட்டின கயிறு, உடம்பு சரியச் சரிய மேலே ஏறிக் கழுத்தில் போய் நின்றிருந்தது. வீட்டுக்கு ஒரு அடி என்று தலைவர்தான் சொன்னாராம், அப்போதுதான் யாரும் தனியாக மாட்ட மாட்டார்களாம். அடித்துவிட்டு ஆளாளுக்குக் குளிக்கவும் வேலைக்குக் கிளம்பவும் உள்ளே போய்விட்டார்கள். போலீசுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள், ஒருவரும் சொல்லவில்லை. டாக்டர் அறுத்துப் பார்த்துவிட்டு, அடியில் சாகவில்லை, கயிறு இறுக்கித்தான் செத்திருக்கிறான் என்று எழுதிவிட்டார். அடியைத்தான் பங்கு போட்டார்கள், முடிச்சைப் போட்டது ஒருவன்தான், அது நம் வீட்டுப் பிள்ளை. ‘ஓடிடக் கூடாதுன்னுதாம்மா கட்டினேன், கொல்லணும்னு நினைக்கவே இல்ல’ என்கிறான். நினைத்திருக்க மாட்டான், எனக்குத் தெரியாதா. ஆனால் அவிழ்த்துவிடவும் நினைக்கவில்லையே பாவி.

கயிறு நம்முடையதுதான். நீ கல்யாணமாகிப் போவதற்கு முன்னால் ஈரக் கம்பளியைப் போட்டு அறுத்தாயே, நான் பாவாடை நாடாவை வைத்து முடிந்தேனே, அந்த நாடாவோடு அது இப்போது போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. அன்று மத்தியானமே தலைவர் ஒரு பெரிய சுருள் நீலக் கயிறு வாங்கி வந்து வீடு வீடாக வெட்டிக் கொடுத்தார். எல்லோரும் பழசை அவிழ்த்துவிட்டுப் புதுசைக் கட்டிவிட்டால் எந்த வீட்டுக் கயிறு காணாமல் போனது என்று எவனாலும் கண்டுபிடிக்க முடியாது என்றார். தெருவிளக்கு வேண்டும் என்று அந்த மனுஷன் வீட்டுக்கு நடந்தே என் செருப்புத் தேய்ந்துபோனது, கயிறு மட்டும் ஒரே மத்தியானத்தில் வந்துவிட்டது பார். இன்ஸ்பெக்டர் கொல்லை கொல்லையாகப் பார்த்துவிட்டு, ‘என்னம்மா, தெரு மொத்தமும் இன்னைக்குத்தான் துணி துவைக்க ஆரம்பிச்சுதா?’ என்று சிரித்தார்.

அவிழ்த்த பழைய கயிறுகளை என்ன செய்தார்கள் தெரியுமா, அந்த மகா புத்திசாலிகள் பழைய இரும்புக்காரர் வண்டியில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். உனக்கு அவரைத் தெரியும், உன் பள்ளிக்கூடப் புத்தகங்களை எடைக்குப் போட்டபோது நீ அழுததைப் பார்த்து ஒன்றை எடுத்துத் திருப்பிக் கொடுத்தாரே, அவர்தான். மறுநாள் போலீஸ் அவர் வண்டியைச் சோதனை போட்டால் கட்டுக்கட்டாகக் கொடிக்கயிறு. திருட்டுப் பித்தளை வாங்குகிறவன், பங்குத் தகராறில் கட்டிப்போட்டுக் கொன்றுவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவரை வாசல் வாசலாகக் கூட்டி வந்து, இவர் வண்டியில் கயிறு போட்டது யார் என்று கேட்டார்கள், தெருவே தெரியாது என்றது. நம் வீட்டில் போடுவதற்குக் கயிறே இல்லை, ஆனால் மற்றவர்கள் போட்டதை நான் நின்று பார்த்தேன். அப்பா எங்களுக்குத் தெரியாது என்றார். அந்த மனுஷன் அப்பாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, ‘அம்மா, நீங்களாவது சொல்லுங்கம்மா’ என்றார். நான் ஈரக்கையோடு கதவுக்குப் பின்னால் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன் கண்ணு. ஆதாரம் இல்லாமல் எத்தனை நாள் வைத்திருப்பார்கள், தானாக விட்டுவிடுவார்கள் என்று அப்பா சொன்னார், விடவில்லை, ஜெயிலுக்கே அனுப்பிவிட்டார்கள்.

போன வாரத்திலிருந்து அவர் சம்சாரம் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறாள். அவளுக்குக் கூவக்கூடத் தெரியவில்லை, சும்மா மணியை மட்டும் அடிக்கிறாள். நம் தெருக்காரர்களுக்குத் திடீரென்று தருமசிந்தனை பொங்கிவிட்டது, ஆளாளுக்குப் பழைய பாத்திரமும் புடவையும் இனாமாகக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நேற்று நம் வீட்டு ஓடாத மின்விசிறியை அவளால் தூக்க முடியவில்லை, உன் தம்பிதான் தூக்கி வண்டியில் வைத்தான். ‘நல்லா இருப்பே தம்பி, உன்னைப் பெத்தவ வயிறு குளிரணும்’ என்றாள். உள்ளே ஓடிப்போனவன்தான், அப்புறம் ஒரு வாய் சாப்பிடவில்லை. எனக்கும் வயிறு குளிரவில்லை, பற்றி எரிந்தது.

ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு இன்று காலையில் சொல்லிவிட்டேன். அவன் கயிற்றை அறுத்தபோது சுவர் ஆணியில் ஒரு முழம் மிச்சம் தங்கியிருந்தது, தையல் டப்பாவில் ஒளித்து வைத்திருந்தேன், அதை எடுத்துக்கொண்டு நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றேன். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். தலைவர் ஓடி வந்து, ஒரு திருட்டுப் பயலுக்காக நல்ல பையனின் வாழ்க்கை வீணாகணுமா என்றார். குழாய்க்கு உயிர் என்று தீர்ப்புச் சொன்ன அதே வாய். நீங்கள் எல்லோரும் அடித்ததையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன் என்றேன், ஆள் போன வேகம் தெரியவில்லை. உன் தம்பி, ‘நீயெல்லாம் ஒரு தாயா?’ என்று கத்தினான். கத்தட்டும். ஜெயிலுக்குப் போனால் திருந்தி வருவான் என்றெல்லாம் நான் நம்பவில்லை தங்கம், இருப்பதும் கெட்டு வருவானோ என்று பயம்தான். ஆனால் செய்தவன் விமானம் ஏறிப் போக, செய்யாதவன் உள்ளே கிடந்தால், அந்தக் குழாய் கழற்றினவனை நாம் எந்த வாயால் திருடன் என்று சொன்னோம்? பெற்ற மனம் பித்துத்தான், அந்தப் பித்து இல்லாவிட்டால் அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போயிருப்பேன்.

சாயங்காலம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவன் வந்து பக்கத்தில் நின்றான். அப்புறம், ‘நாளைக்கு எந்தச் சட்டைம்மா போட்டுக்கட்டும்?’ என்று கேட்டான். முதல் வேலைக்குப் போன அன்றைக்கும் இப்படித்தான் கேட்டான். அந்த வெள்ளைச் சட்டைக்கே பெட்டி போட்டு மடித்து வைத்திருக்கிறேன்.

நீ அழாதே என்று சொல்ல மாட்டேன், அழு, அழுதுவிட்டு மாப்பிள்ளையிடம் ஒளிக்காமல் சொல்லிவிடு. உன் குடும்பம் ஒரு குறையும் இல்லாமல் தழைக்கட்டும், குட்டியைக் குளிரில் வெளியே விடாதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, தம்பிக்காக ஒரு ஸ்வெட்டர் வாங்கியிருப்பதாகச் சொன்னாயே, அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதே. அளவு சரியாக இருக்குமா என்று கேட்டாயே, அவன் வெளியே வரும்போது உடம்பு எப்படி இருக்குமோ, பெரிசாகவே இருக்கட்டும், வைத்திரு.

உங்கள் இரண்டு பேருக்கும்
அம்மா