பேனாவைத் தொடாத பதினைந்து நிமிடம்

அன்பு மகள் சிட்டுக்கு,

அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், மாடி வீட்டுப் பூனைகூட நம் வீட்டுப் பாலைக் குடித்துவிட்டு சுகமாகத்தான் இருக்கிறது. நீ அங்கே சுகமா என்று வழக்கமாக இந்த இடத்தில்தான் கேட்பேன், இந்தத் தடவை அதைக் கடைசியில் கேட்கப்போகிறேன், காரணம் இருக்கிறது. வாராவாரம் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் அப்பா என்னை எங்கே பேச விடுகிறார்? நான் வாயைத் திறப்பதற்குள் போன் அவர் கைக்குப் போய்விடுகிறது. கடிதத்தை யாரும் என் கையிலிருந்து பிடுங்க முடியாது, அதனால் ஆற அமர எழுதுகிறேன், நீயும் ஆற அமரப் படி.

அப்பா பாஸாகிவிட்டார் என்பது உனக்குத் தெரியும், அவர் போனில் போட்ட கூச்சலில் உன் பக்கத்து அறைக்காரர்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் பாஸ் என்று கத்தினாரே தவிர எப்படிப் பாஸானார் என்று உன்னிடம் சொல்லவில்லை. அதைச் சொன்னால்தான் உனக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்பது விளங்கும். உனக்குத் தெரிந்த கதையும் நடுவில் வரும், பொறுத்துக்கொள், முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி. பஸ் பணிமனையில் இத்தனை வருஷமாக மெக்கானிக்காக இருக்கிற மனுஷருக்கு ஃபோர்மேன் ஆவதற்கு ஒரு எழுத்துப் பரீட்சை, அதுவும் மூன்று தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள், அதில் இரண்டைக் கோட்டைவிட்டாயிற்று. இந்தத் தடவையும் போயிருந்தால் ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்தக் குழிக்குள்ளேதான் இறங்கி, பஸ்ஸுக்கு அடியில் நின்று, மறுபடி ஏறி, மறுபடி இறங்க வேண்டும். முட்டியைப் பார்த்த டாக்டர் இனிமேல் குழியில் இறங்கினால் என்னிடம் வராதீர்கள் என்று சொல்லியே அனுப்பிவிட்டார். வீட்டுப் படி ஏறும்போது அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடுவதைக் கேட்கிற எனக்குத்தான் தெரியும் அந்தப் பரீட்சை எவ்வளவு பெரியது என்று.

வேலை தெரியாமல் அவர் ஃபெயில் ஆகவில்லை, அதுதான் எரிச்சல். முதல் தடவை எட்டுக் கேள்வி கொடுத்து ஏதாவது ஐந்துக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்கள், இவர் அந்த வரியைப் பார்க்கவே இல்லை, எட்டையும் அரைகுறையாக எழுதிவிட்டு வந்தார். திருத்துகிறவர்கள் முதல் ஐந்தை மட்டும் பார்த்து மிச்சத்தை அடித்துவிட்டார்கள். இரண்டாவது தடவை ஐந்து என்பது ஞாபகம் இருந்தது, ஆனால் முதல் கேள்வியே உதிரிபாகக் கிடங்குக் கணக்கைப் பற்றி, அதில் இவருக்கு ஒன்றும் தெரியாது, அதிலேயே உட்கார்ந்து பாதி நேரத்தைத் தொலைத்தார். ஏன் அதை விட்டுவிட்டுத் தெரிந்ததற்குப் போகவில்லை என்று கேட்டதற்கு என்னைப் பார்த்தார் பார், நான் என்னமோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. வரிசையில முதல்ல நிக்கிற வண்டியை விட்டுட்டு பின்னாடி நிக்கிற வண்டியைத் தொட முடியுமாம்மா என்றார். பணிமனைப் புத்தி. கேள்விகள் எல்லாம் அவர் கண்ணுக்கு ரிப்பேருக்கு வந்து வரிசையில் நிற்கிற பஸ்கள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள் இல்லையா, கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து அவரை உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டி, லென்ஸை மாற்றி, ஃப்ரேமையும் மாற்றினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு அழகாக இருந்தார், வேறு மாற்றம் ஒன்றும் இல்லை.

இந்த வருஷம் பரீட்சையை நடத்துகிற பயிற்சிப் பள்ளிக்குப் புதிதாக ஒரு அம்மா தலைமை அதிகாரியாக வந்திருக்கிறார்கள். அதிகம் பேசமாட்டார்கள். வந்ததும் பழைய விடைத்தாள்களை எடுத்துவைத்துப் படித்தார்களாம், எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்கிற ஆட்கள் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் எழுதிவைத்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். இனிமேல் பரீட்சை தொடங்குவதற்கு முன்னால் கேள்வித்தாளைப் படிக்க மட்டும் தனியாகப் பதினைந்து நிமிடம், எழுதுகிற நேரத்தில் அதைக் கழிக்கமாட்டோம், அதுவரைக்கும் பேனா மேஜை ஓரத்தில் இருக்க வேண்டும், தொடக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். பணிமனையில் ஒரே கேலி. சும்மா உட்கார்ந்து மோட்டுவளையைப் பார்ப்பதற்குப் பதினைந்து நிமிடமா, அதை எழுதுவதற்குக் கொடுத்தாலாவது புண்ணியம் என்று எலெக்ட்ரீஷியன் ஒல்லி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார், அவரும் அப்பாவோடு எழுதுகிறவர்தான். அப்பா கேலி செய்யவில்லை, பயந்தார். கை சும்மா இருந்தால் அவருக்குத் தலை சுற்றும் என்பது உனக்குத் தெரியுமே. பேனாவையும் பிடுங்கிக்கொண்டு எட்டுக் கேள்வியையும் ஒரே நேரத்தில் காட்டினால் படித்ததெல்லாம் மறந்துபோய்விடும் என்று என்னிடம் மட்டும் சொன்னார். சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது.

அப்போதுதான் நீ போன் செய்தாய். நீ புத்தி ஒன்றும் சொல்லவில்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய், நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். வண்டி உள்ள வந்ததும் முதல்ல என்னப்பா செய்வீங்க என்றாய். அவரும் யோசிக்காமல், முதல்ல ஒண்ணும் செய்யமாட்டேன், கையைப் பின்னால கட்டிக்கிட்டு வண்டியை ஒரு சுத்து சுத்தி வருவேன், அதுக்கு அப்புறம்தான் ஸ்பேனர் என்றார். அப்ப அதையே செய்யுங்கப்பா என்றாய். அவ்வளவுதான். அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒழுகாத குழாயைச் சரி செய்யப் போய்விட்டார். உனக்கு அது ஞாபகம்கூட இருக்காது, ஆய்வுக்கூடத்தில் இடைவேளை முடிந்துவிட்டது என்று அவசரமாக வைத்தாய். மறுநாள் காலையில் நான் எழுந்து வந்து பார்த்தால் பழைய கேள்வித்தாளைச் சாப்பாட்டு மேஜை நடுவில் விரித்துவைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி வருகிறார். எந்தப் பக்கம் நின்றால் எழுத்து தலைகீழாகத் தெரிகிறதோ அந்தப் பக்கமும் நின்று பார்க்கிறார். சிரிப்பை அடக்க நான் சமையலறைக்குள் ஓடவேண்டியதாயிற்று. அன்றிலிருந்து பரீட்சை வரைக்கும் தினமும் அதே வேலை. பேனாவைச் சர்க்கரை டப்பாவில் ஒளித்துவைப்பது என் வேலை, அவராகக் கேட்கும்வரைக்கும் கொடுக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. முதலில் ஐந்தாறு சுற்றுக்குள் கேட்டுவிடுவார், போகப்போகக் கேட்பதற்கே மறந்து சுற்றிக்கொண்டிருந்தார்.

பரீட்சை அறையில் மேஜையைச் சுற்ற முடியுமா? உட்கார்ந்த இடத்திலேயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேள்வித்தாளைக் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்திருக்கிறார். மேற்பார்வைக்கு நின்ற இளவயசு ஆசிரியருக்குச் சந்தேகம் வந்துவிட்டது, கையில் எதையோ மறைக்கிறார் என்று. கையை முன்னால் நீட்டச் சொல்லியிருக்கிறார். நீட்டினார், என்ன இருக்கும், கழுவினாலும் போகாத கிரீஸ்தான் இருந்தது. எதுக்குங்க கையைப் பின்னால கட்டுறீங்க என்று கேட்டதற்கு இவர் அசட்டுத்தனமாக, வண்டியைச் சுத்திப் பாக்கிறேன் சார் என்றாராம். அறையே சிரித்துவிட்டது என்றார் ஒல்லி, அவர்தான் எனக்கு இதையெல்லாம் சொன்னது, அப்பா சொல்வாரா? கதவோரம் நின்றுகொண்டிருந்த அந்த அதிகாரியம்மா மட்டும் சிரிக்கவில்லையாம். அவரைச் சுத்திப் பாக்க விடுங்க என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்களாம். என்ன மாதிரி மனுஷி பார், ஒரு வார்த்தையில் அவருடைய மானத்தையும் காப்பாற்றி, அந்த நிமிடங்களையும் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் அவர் கண்டுபிடித்திருக்கிறார், இந்தத் தடவையும் அதே கிடங்குக் கணக்குதான் முதல் கேள்வி. அவருக்குத் தண்ணீர்பட்ட பாடான பிரேக் பற்றிய கேள்வி ஆறாவதாக, தாளின் பின்பக்கம் இருந்திருக்கிறது. முன்பு போல இருந்திருந்தால் அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது நேரம் முடிந்திருக்கும். ஐந்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு மணி அடிக்கும்வரைக்கும் காத்திருந்து ஆறாவதிலிருந்து எழுத ஆரம்பித்திருக்கிறார். வரிசையை விட்டுட்டுப் பின்னாடி நின்ன வண்டியில கை வச்சேன்மா என்றார் வீட்டுக்கு வந்து. முடிவு வந்த அன்று பயிற்சிப் பள்ளி அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று தன் எண்ணைத் தேடாமல் மேலே இருக்கிற தலைப்பிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாராம், ஒல்லி பொறுக்க முடியாமல், யோவ் உன் நம்பர் கீழே இருக்குய்யா என்று முதுகில் ஒரு அடி வைத்திருக்கிறார். ஒல்லியும் பாஸ், மோட்டுவளையைப் பார்த்தாரோ கேள்வியைப் பார்த்தாரோ, இப்போது அந்தப் பதினைந்து நிமிடத்தை யாராவது குறை சொன்னால் சண்டைக்குப் போகிறார். எனக்குக் கடைக்குப் போன் வந்தபோது ஒரு வாடிக்கையாளர் எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார், நான் அழுவதைப் பார்த்துத் தன் கண்ணுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனார் பாவம்.

மறுநாள் நானும் கூடப் போய் அந்த அம்மாவைப் பார்த்தேன். வழியெல்லாம் நன்றி சொல்வதற்கு வார்த்தை அடுக்கிக்கொண்டு போனேன், நேரில் பார்த்ததும் எல்லாம் ஓடிப்போய்விட்டது, கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவர்கள் கேட்டது, அவருக்கு முட்டி எப்படிம்மா இருக்கு என்று. பரீட்சை அன்று அவர் மாடிப்படி ஏறியதைப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த மாதத்திலிருந்து குழிக்கு மேலேதான் வேலை என்று சொன்னேன். அந்த அம்மா நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். அடுத்தபடியாக உன்னை நினைக்கிறேன். நீ அன்று அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால் அந்தப் பதினைந்து நிமிடமும் அவருக்குத் தண்டனையாகத்தான் இருந்திருக்கும். அப்பாவை இப்படித் தெரிந்துவைத்திருக்கிற பிள்ளை எனக்குப் பிறந்ததே என்று பெருமையாக இருக்கிறது கண்ணே, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி நான் கடைசியில் கேட்கிறேன் என்று சொன்ன விஷயம். உன் அப்பா போனில் எப்படிப் பேசுவார் என்று தெரியும், சாப்பிட்டியா தூங்கினியா குளிரா லீவு எப்போ என்று கேட்டு, நீ பதில் சொல்வதற்குள் அவரே நல்லது நல்லது என்று முடித்துவிடுவார். போன ஞாயிற்றுக்கிழமை அவர் அப்படிப் பேசவில்லை, கவனித்தாயா? எப்படி இருக்கே என்று மட்டும் கேட்டுவிட்டு, போனை மேஜையில் ஸ்பீக்கரில் வைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். லைன் கட்டாகிவிட்டதோ என்று நீகூட, அப்பா இருக்கீங்களா என்று கேட்டாய். பிறகு நீயாகவே பேசினாய். நல்லா இருக்கேன் என்றாய், வேலை நல்லா போகுது என்றாய், யாரும் கேட்காமலே மறுபடி நல்லாத்தான் இருக்கேன் என்றாய். நடுவில், என் ரூம் அப்படியே இருக்கா என்று கேட்டாய். நான் மடையச்சி, அங்கே இஸ்திரித் துணி மலையாகக் கிடக்கிறது, உனக்கு இடமில்லை போ என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். போனை வைத்த பிறகு அப்பா நாற்காலியில் உட்காரவே இல்லை, எஞ்சின் ஓடுது, சத்தம் சரியில்லை என்றார். உங்களுக்கு எல்லாமே பஸ்தான் என்று நான் கடிந்துகொண்டேன். ஆனால் பாத்திரம் கழுவும்போது நீ அந்த ரூமைப் பற்றிக் கேட்ட விதம் என் காதிலும் திரும்ப வந்தது.

அதனால்தான் சிட்டு இந்தக் கடிதம். எங்களுக்கு உடனே பதில் வேண்டாம். முதலில் இதை ஒரு தடவை முழுதாகப் படி, பேனாவையும் தொடாதே, போனையும் தொடாதே. வேலையில் யாராவது உன்னை வாட்டுகிறார்களா, உடம்புக்கு ஏதாவதா, தனியாக இருப்பது தாங்கவில்லையா, வீட்டுக்கு வர வேண்டும் போல இருக்கிறதா. இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு எழுதினால் போதும், வரிசைப்படி எழுத வேண்டும் என்றும் இல்லை, நல்லா இருக்கேன் என்ற பதிலுக்கு மட்டும் இங்கே மார்க் கிடையாது. உண்மையிலேயே நன்றாக இருந்தால் அப்பாவின் காதைத் திட்டி நாலு வரி எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள், இந்த வீட்டில் மணி அடிக்க யாரும் இல்லை.

நீ நீண்ட ஆயுளோடு, மனசில் பாரமில்லாமல் இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் உன் தலையில் கை வைத்துச் சொல்கிறோம். வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டு சாப்பிடாதே. நான் எழுதுகிற இந்த மேஜையைத்தான் அவர் இப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறார், எழுதிட்டியா எழுதிட்டியா என்று கேட்டுக்கொண்டு. இஸ்திரித் துணியை எல்லாம் நேற்றே எங்கள் அறைக்கு மாற்றிவிட்டேன். உன் ரூம் அப்படியே இருக்கிறது.

என்றும் உன்
அம்மா