அமாவாசைக்கும் ஓடும் தறி

அன்புள்ள நதியாவுக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் மூன்று பேரும் காமாட்சி புண்ணியத்தில் சௌக்கியம். ஸ்காட்லாந்தில் நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால்தான் பருப்புப் பொடிப் பார்சலுக்குள் இதையும் வைக்கிறேன். அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. உன் தம்பி தினேஷ் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறான், வீட்டில் வாய் திறப்பதே அபூர்வம். அவன் வாய் திறந்த அன்றுதான் என் தூக்கம் போனது.

அமாவாசைக்கு நம் தெருவில் ஒரு தறியும் ஓடாது, உனக்குத் தெரியும். நீ போனதிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும், என் பெண்ணுக்கும் இன்று வேலை இருக்காது என்று நிம்மதியாக இருந்தேன். யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டது. தினேஷ்தான் சொன்னான், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்தான் அங்கே கடல் இழுப்பு அதிகம், தண்ணீருக்கடியில் கரண்ட் எடுக்கிற அந்தக் காற்றாடி அப்போதுதான் வேகமாகச் சுற்றும், அந்தச் சத்தத்துக்குக் கடல்நாய்கள் விலகிப் போகின்றனவா, இறக்கையில் அடிபடுகின்றனவா என்று பார்க்க அக்கா படகில் போவதும் அன்றுதான் என்று.

புகையில்லாத கரண்ட், நல்லதுதான். முதுகில் கருவி ஒட்டிய கடல்நாய் ஒன்றைக் கொஞ்ச நாளாகக் காணவில்லை என்றாயே, திரும்ப வந்ததா? குட்டி போட்டது என்று வேறு சொன்னாய். அதற்காக நீ அந்த இழுப்பில் போக வேண்டுமா? அன்று ஒரு நாள் எந்திரத்தை நிறுத்தக் கூடாதா? நிறுத்திவிட்டால் அது என்ன கெடுதல் செய்கிறது என்று எப்படித் தெரியும் என்பாய். அந்த வாய் என்னிடமிருந்து வந்ததுதான், யாரைத் திட்டுவது?

அப்பாவிடம் சொன்னால், "அவளுக்குத் தெரியாததா, சும்மா பயந்துக்கினு இருக்காதம்மா" என்று அதட்டினார். நேற்று பார்த்தால் உட்கார்ந்து ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருக்கிறார். இப்போது எதற்கு என்றேன். அமாவாசைக்கு என்றார், அன்றைக்குச் சத்தமில்லாமல் வீட்டில் உட்கார முடியாதாம். கரைக்கென்று தனி நாடா ஓடும் கோர்வைப் புடவை, ஒரு ஆளால் நெய்ய முடியாது, கரைப் பக்கத்து நாடாவைத் தள்ள நானும் உட்கார வேண்டும். தெருவில் நாலு பேர் கேட்பார்கள், கேட்கட்டும்.

மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டு, வெறும் வயிற்றோடு படகேறாதே. அம்மன் உன்னையும் அந்தக் கடல்நாயையும் சேர்த்தே காப்பாற்றட்டும், என் ஆயுசும் உனக்கே இருக்கட்டும். கரையேறியதும் ஈரத்துணி மாற்றுவதற்கு முன்னால் போன் செய். நீ கூப்பிடும்வரை தறியை நிறுத்த மாட்டோம்.

உன் அம்மா,
புவனேஸ்வரி