அப்பா போட்ட புள்ளடி

என் உயிரான அப்பாவுக்கு, இத்தாலியின் பலேர்மோவிலிருந்து பிலோமினா எழுதுகிறேன்.

ஒரு கிழமையாக என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வேலை செய்யும் வீட்டில், வீட்டுக்காரச் சின்யோராவின் ஒரே சட்டையை இரண்டு தரம் இஸ்திரி போட்டேன். பல்லரோ சந்தைக்கு மீன் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். நீங்கள் இருந்திருந்தால் நேரே கேட்டிருப்பேன்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு ஊரில் ஒரு ஜனாதிபதித் தேர்தல் வந்தது. முன்பெல்லாம் தேர்தலுக்கு முதல் ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வாசலில் நீங்கள் சொல்வதுதான் ஊரின் வாக்கு. வாக்களிக்கக் கூடாது என்று இயக்கத்தின் கட்டளை வந்த வருடம் ஊரே வீட்டில் இருந்தது. போர் முடிந்த பிறகு, அந்தப் போரை நடத்திய தளபதிக்கே போடச் சொன்னீர்கள். போருக்கு உத்தரவிட்ட ஜனாதிபதியைத் தோற்கடிக்க வேறு வழி இல்லை என்றீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டோம். நான் இங்கே வருமுன் போட்ட கடைசி வாக்கு அது.

இந்த முறை ஊர் மூன்றாகப் பிரிந்தது. சிலர் தமிழ் வேட்பாளருக்கு, சிலர் தெற்கின் பழைய கட்சிக்கு, இளம் ஆட்கள் பலர் தெற்கின் இடதுசாரிக் கட்சிக்கு. எங்கள் ஸ்டெல்லாவும் அவர்களோடுதான். தங்கை என்றும் பார்க்காமல் போனில் கத்தினேன்.

"அவை போர் நேரம் யாரோடை நிண்டவை எண்டு மறந்திட்டியோ? அப்பா இருந்தா இதைச் செய்வியோ?"

"நீ அங்கை இருந்து கதைக்கிறாய் அக்கா. இஞ்சை வாழுறது நான்."

போனை வைத்துவிட்டாள். நத்தாருக்கும் நாங்கள் கதைக்கவில்லை.

உங்கள் நினைவு நாள் பூசையைப் பற்றிக் கேட்கப் போன கிழமை நானே எடுத்தேன். இரண்டு வார்த்தையில் பழைய சண்டை கிளம்பியது. மறுபடியும் உங்களை இழுத்தேன்.

"அக்கா, அப்பா இதுக்கு முந்தின தேர்தலிலையே அவைக்குத்தான் போட்டவர்."

"பொய் சொல்லாதை."

"கண் தெரியேல்லை எண்டு என்னைத்தானே உள்ளை கூட்டிக்கொண்டு போனவர். அவர் சொன்ன சின்னத்துக்கு நேரை நான்தான் புள்ளடி போட்டனான்."

"கோயில் வாசலிலை வேற ஆளுக்கெல்லோ போடச் சொன்னவர்?"

"ஓம், நானும் கேட்டனான். 'ஊர் சிதறக் கூடாது எண்டு அப்பிடிச் சொன்னன். ஆனா எங்கட குளக்கட்டு உடைஞ்சதைப் பற்றி வந்து கேட்டது அந்தப் பொடியள் மட்டும்தான்' எண்டார். அக்காவுக்குச் சொல்லாதை, சண்டைக்கு வருவாள் எண்டும் சொன்னவர்."

உண்மையா அப்பா? ஊரை ஒரு பக்கம் அனுப்பிவிட்டு நீங்கள் மட்டும் மறுபக்கம் போனது சரியா? அதற்கு முந்திய தேர்தல்களிலும் இப்படித்தானா? அந்தத் தளபதிக்கு நான் போட்டேனே, அன்றைக்கு நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்? எனக்குச் சொல்ல அவ்வளவு பயமா?

நேற்றுப் பல்லரோவில் நம்மவர் கடையில், உங்களை அறிந்த மன்னார்க்காரர் ஒருவர் என்னை மறித்தார். "உங்கட அப்பா இருந்திருந்தா ஊர் இப்பிடிப் பிரிஞ்சிருக்காது, என்ன அக்கா?"

வழமையாக இதற்கு அரை மணி நேரம் பேசுவேன். "தெரியாது தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருக்கும் அல்பெர்கேரியாப் பகுதியின் ஒழுங்கைகளில் விறுவிறென்று நடந்து வந்தேன். வந்ததும் ஸ்டெல்லாவுக்குப் போன் எடுத்தேன்.

"அப்பான்ர பேரைச் சொல்லி உன்னை ஏசினது பிழை" என்றேன். அழுதாள். "ஆனா நீ போட்டது சரியெண்டு நான் சொல்லேல்லை" என்றேன். அழுகையோடு சிரித்தாள்.

உங்கள் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன் அப்பா. இனி உங்கள் வாயில் என் சொற்களை வைக்க மாட்டேன். அடுத்த தேர்தலுக்கும் ஸ்டெல்லாவோடு சண்டை பிடிப்பேன், ஆனால் நானாகவே பிடிப்பேன்.

பதில் வராது என்று தெரிந்தும் கேட்டுக்கொண்டிருக்கும்
உங்கள் மூத்த மகள்,
பிலோமினா