பொருந்தாத போல்ட்

தர்மபுரி,
2-6-1986

கேப்டன் காளியப்பன் அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அங்கும் அவ்வாறே இருக்கும் என்று நம்புகிறேன்.

என் கணவர் சுபேதார் அப்துல் சுபான் காலமானபின், அவருடைய ஜெர்மன் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். குழலில் ஈயம் ஊற்றி அடைத்ததுதான்; ஆனாலும் சட்டம். அங்கே கிடந்து துருப்பிடிப்பதைவிட உங்கள் ரெஜிமென்ட் அருங்காட்சியகத்துக்குப் போகட்டும் என்று அவர்களுக்கு எழுதினேன். பாகங்கள் அசல் என்று தாங்கள் சான்றளித்தால் அவர் பெயரோடு வைப்பார்களாம்.

1945-இல் இத்தாலியில் சரணடைந்த ஜெர்மானியரிடமிருந்து எடுத்தது என்பது அவர் சொன்ன வார்த்தை. என் மகள் கல்யாணத்தில் பிரியாணியைச் சாப்பிட்டுக்கொண்டே, "ஏம்பா சுபான், பம்பாய் பழைய இரும்புக் கடையில என்ன வெலைக்கு முடிச்ச?" என்று எல்லோர் முன்னும் கேட்டவர் தாங்கள். மறுநாளே அதை அவர் சுவரிலிருந்து இறக்கிவிட்டார்.

சலுகை வேண்டாம். உண்மை வேண்டும்.

அமீருன்னிசா சுபான்


பெங்களூர்,
9-6-1986

மரியாதைக்குரிய அண்ணி,

அந்தப் பிரியாணியும் மறக்கவில்லை, என் வாய்க்கொழுப்பும் மறக்கவில்லை. ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் நான் கண்ட ஜெர்மன் துப்பாக்கிகள் நகை போலிருக்கும். சின்னத் திருகில்கூட அந்தத் துப்பாக்கியின் எண் இருக்கும். சுபானுடையது தகர டப்பா போலிருந்தது, சிரித்துவிட்டேன். காயம்பட்டு நான் ஊர் திரும்பிய பிறகுதான் அவன் இத்தாலிக்குப் போனான்.

முழங்கால் அறுவையால் என்னால் வர இயலாது. தாங்களே கழற்றிப் பார்த்து எழுதுங்கள்: மரம், குழலை மரத்தோடு பிடிக்கும் இரும்புப் பட்டைகள், எண் இருக்கும் இடங்கள். கான்வென்டில் படித்த கண்ணுக்கு எதுவும் தப்பாது.

காளியப்பன்


தர்மபுரி,
17-6-1986

கேப்டன் அவர்களுக்கு,

வெள்ளைத் துப்பட்டி விரித்துக் கழற்றினேன். மரம் ஒரே கட்டையல்ல. பரோட்டா போல அடுக்கடுக்காக ஒட்டியது. பட்டைகள் மெல்லிய தகடு. அரம் ராவிய தடங்கள் அப்படியே இருக்கின்றன. திருகுகளில் எண்ணே இல்லை. இவ்வளவு அவசர வேலையை எங்கள் கன்னியாஸ்திரீகள் கையில் தொட்டிருக்க மாட்டார்கள்.

குழலில் 4718. மரத்தின் உட்குழிவிலும், யார் கண்ணிலும் படாத இடத்தில், 4718. ஆனால் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டில் 9053. அது ஒன்றுதான் உறுத்துகிறது. சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டும் நூர் பாஷாவிடம் காட்டினேன். "இதுக்குப் போயி ஏன் சுபேதாரம்மா கவலப்படறீங்க? பழச ராவிட்டு 4718-ன்னு வெட்டிர்றனுங்க. வெள்ளைக்காரனே வந்தாலும் கண்டுபுடிக்க மாட்டான்" என்றான். பிழையைத் திருத்துவது பொய்யாகாது. வெள்ளிக்கிழமை கொண்டுபோகிறேன்.

அமீருன்னிசா சுபான்


தந்தி
20-6-1986

போல்ட்டைத் தொடவிடாதீர்கள். கடிதம் பின்னால். காளியப்பன்


பெங்களூர்,
21-6-1986

அண்ணி,

தந்தி கொடுத்த கையோடு, ஊன்றுகோலோடு இங்குள்ள அருங்காட்சியகம் போனேன். அதே இத்தாலியில், அதே ஆண்டு கைப்பற்றிய துப்பாக்கிகள் மூன்று அங்கே உண்டு. கழற்றிப் பரப்பினோம். அதே அடுக்கு மரம், அதே தகடு. போரின் கடைசி மாதங்களில் அவர்களிடம் இரும்பும் இல்லை, நேரமும் இல்லை. திருகில் எண் வெட்டக்கூட ஆளில்லை. போலி செய்கிறவன் அழகாகத்தான் செய்வான் அண்ணி. ஒரு நாடு தோற்றுக்கொண்டிருப்பதை எவனால் போலி செய்ய முடியும்?

மூன்றிலும் போல்ட் எண் பொருந்தவில்லை! சரணடைபவர்கள் போல்ட்டை உருவி ஒரு குவியலிலும் துப்பாக்கியை இன்னொரு குவியலிலும் போட வேண்டும். அதன்பின் ஒருவராலும் சுட முடியாது. பிறகு எடுத்தவர் கையில் எது அகப்பட்டதோ அதை மாட்டிக்கொண்டார்கள். நீங்கள் பிழை என்று எழுதிய 9053-தான் சுபானின் சாட்சி. அவன் அந்தக் குவியலுக்கு முன் நின்றிருக்கிறான்.

சான்றில் கையெழுத்திட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

காளியப்பன்


தர்மபுரி,
27-6-1986

அன்புத் தம்பி காளியப்பனுக்கு,

தந்தி பாத்திரக் கடைக்கே வந்தது. தந்திக்காரர் மாது முதலில் எங்கள் வீட்டுக்குப் போய்விட்டு, என்னைத் தேடி ஓடிவந்தார். அதற்குள் நூர் பாஷா அரத்தை வைத்துவிட்டான். ஒன்பதின் தலையில் ஒரு கீறல் விழுந்துவிட்டது.

சான்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் இதையும் சேர்த்துவிட்டு மறுபடி கையெழுத்திடுங்கள்: "ஒன்பதின் மேலுள்ள கீறல் 1986-இல் தர்மபுரியில், அமீருன்னிசாவின் கட்டளைப்படி விழுந்தது." அவர் வார்த்தையோடு என் பொய் ஒட்டியிருக்கக் கூடாது.

போல்ட்டை மீண்டும் பொருத்தினேன். சத்தமே இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. வெவ்வேறு ஆட்கள் பிடித்த இரும்பு. ஒருவர் உயிரையும் வாங்காமல் அன்று இரண்டு குவியலாகக் கிடந்திருக்கிறது. நெடுநேரம் என்னால் கையை எடுக்க முடியவில்லை.

4718 எண்ணிட்ட போல்ட்டும் எங்கோ ஒரு வீட்டில், வேறொரு துப்பாக்கியில், பொருந்தாமல் பொருந்தியிருக்கும். அங்கேயும் என்னைப் போல் ஒருத்தி இருந்தால், அவள் அதைத் திருத்தாமல் விட வேண்டும் என்று இன்று தொழுகையில் கேட்டுக்கொண்டேன்.

முழங்கால் ஆறியதும் வாருங்கள். துப்பாக்கியை எடுத்துப்போக ஆள் வேண்டும். பிரியாணி செய்கிறேன்.

அண்ணி
அமீருன்னிசா